தைத்துப் போட்ட பட்டை

அண்ணே,

நேற்றைய மழையில் பேத்தியின் தோல்பை தொப்பலாக நனைந்துவிட்டது. இன்று காலை லேசாக வெயில் தலைகாட்டியதும் என் மகள் அதைப் பால்கனிக் கம்பியில் மாட்டினாள். "வெயில்ல போடாத, சுருங்கிரும். நிழல்ல ஆற விடு" என்று உள்ளேயிருந்து கத்தினேன். ஒரு பைக்கு இவ்வளவு சத்தமா என்பதுபோல் அவள் பார்த்தாள். அந்தச் சத்தம் என்னுடையது இல்லை, உன்னுடையது. ஈரத்தோலின் வாடை சான்பாடாவில் இந்த நாலாவது மாடியிலும் என்னை விடவில்லை. நீ செத்தபோது உனக்காக நிறையவே அழுதேன். இன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. நீ இருந்தவரை உன் முகத்துக்கு நேரே முழுதாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அறுபதுகளில் தாராவியில் நாம் குடியிருந்த சந்து எது என்று யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் மூக்கில் ஏறினால் நம் வீடு பக்கத்தில் என்று அர்த்தம். ஊரில் அப்பாவும் அம்மாவும் போனபின் என்னையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினாய். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிற வேலை உனக்கு. தோலிலிருந்து சுரண்டி எறிகிற ஜவ்வுக்கு ஆசைப்பட்டு ஒரு செம்பழுப்பு நாய் உன் பின்னாலேயே வீடுவரை வந்தது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தாய். அடுத்த வருடம் வெள்ளைக் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். முத்து என்ற அர்த்தத்தில் அதற்கு மோத்தி என்று பெயர் வைத்தவர்கள் பக்கத்து அறை இந்திக்காரர்கள்.

எனக்குக் கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைவிட அந்த இரண்டுக்கும் தீனி பார்ப்பதில்தான் உனக்கு அக்கறை அதிகம். நான் சொல்லிக்காட்டினால் சிரிப்பாய். "ஒனக்கு மாப்பிள வந்துருவான். இதுகளுக்கு யாரு இருக்கா?"

அப்போது நாய்வண்டி வரும். கழுத்தில் பட்டையும் அதில் பித்தளை வில்லையும் இல்லாத நாயைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நீ நாய்வரி கட்டி இரண்டுக்கும் வில்லை வாங்கினாய். ஷாப்பில் கழித்துப் போட்ட நல்ல தோலில் நீயே பட்டை வெட்டி, பக்கிள் வைத்து, எண்ணெய் தேய்த்து மெருகேற்றினாய். செவலை அதைப் போட்டுக்கொண்டு சந்தில் மிராசுதார் மாதிரி நடந்தது.

ஷாப்பு முதலாளி துலுக்கர் என்பதால் உனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சனிக்கிழமை தேய்க்க வேண்டிய எண்ணெயை நீ வெள்ளிக்கிழமை தேய்ப்பாய். "பொம்பளைய குளிக்கிற அன்னைக்கு இவரு குளிக்காரு பாருங்க" என்று குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள். நீ காதில் வாங்காமல் உனக்கு, பிறகு செவலைக்கு, பிறகு மோத்திக்கு என்று வரிசையாக நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுவாய். குளிப்பாட்டுவதற்குமுன் பட்டைகளைக் கழற்றி என் கையில் தருவாய். "ஏட்டி, ஈரம் படாம நிழல்ல மாட்டு." தோல் வேலைக்காரனுக்கு நாய் நனையலாம், தோல் நனையக் கூடாது. வேறு எந்தத் தொழில் செய்கிறவனும் அந்தப் பட்டையைக் கழற்றியிருக்கவே மாட்டான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் வண்டி வந்தது. குளித்து முடித்த செவலை உடம்பை உதறிக்கொண்டு சந்து முனைக்கு வெயில் காயப் போயிருந்தது. மோத்தி கட்டிலுக்கடியில் படுத்திருந்ததால் தப்பியது. சத்தம் கேட்டு நீ ஈரத்துண்டோடு ஓடினாய். வண்டி அதற்குள் செவலையை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, செவலையின் பட்டையைக் கையில் பிடித்தபடி, நாய்களை அடைக்கிற பட்டிக்குப் போனாய்.

சாயங்காலம் நீ வந்து சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் செவலை உன்னைப் பார்த்து வாலை ஆட்டியதாம். அங்கிருந்த ஆள், "பட்டா கலே மே ஹோனா, ஹாத் மே நஹி" என்றானாம். பட்டை கழுத்தில் இருக்க வேண்டும், கையில் இருந்து என்ன பிரயோசனம்? கையில் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு எந்த நாயையும் என் நாய் என்று எவனும் சொல்லலாமே. நீ கழுத்தில் போட்டுக் காட்டுகிறேன், அளவு பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாய். பெரிய அதிகாரி இல்லை, திங்கட்கிழமை வா என்று அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமை போனாய். "ஹோ கயா" என்றான். முடிந்துவிட்டது, கொன்றாகிவிட்டது. அவ்வளவுதான். அன்று ராத்திரி நீ சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய். "நாந்தானட்டி கழட்டுனேன்" என்றாய். அதில் உன் தப்பு என்று நான் இன்றுவரை நினைத்ததில்லை. செவலைக்காக உன்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

என் கோபம் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறது. நீ புதிதாக ஒரு பட்டை கொண்டுவந்தாய். அதில் வில்லை இருந்தது, பக்கிள் இல்லை. மோத்தியை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றி மெழுகு நூலால் அதைத் தைத்தே விட்டாய். நான் பதறிப்போனேன். "குட்டி இன்னும் வளருமே அண்ணே?"

"தொளதொளன்னுதான வச்சிருக்கேன். இனி எவனும் கழட்ட முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

வெள்ளிக்கிழமைக் குளியல் நின்றது. மோத்தி வளர்ந்தது. பிறகு மழைக்காலம் வந்தது. பம்பாய் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பட்டை நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. நனைந்த தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அது இறுகுகிறது என்று சொன்னேன். "சும்மா கெட" என்றாய். கறி நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு நானே மோத்தியிடம் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "அத்துட்டா இதையும் கொண்டுட்டுப் போயிருவான்ட்டி" என்றாய். உன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

பச்சைத் தோல் நாறுகிற சந்தில் ஒரு நாயின் கழுத்து அழுகி நாறினால் யாருக்குத் தெரியும்? உன்னோடு வேலை செய்த காதர் பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோதுதான் கண்டுபிடித்தார். மோத்தி தண்ணீரை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் விட்டது. அவர் குனிந்து மயிரை விலக்கிப் பார்த்தார். பட்டை சதைக்குள் போயிருந்தது. "யாரப்பா இத தச்சது?" என்று கேட்டார். அவரே இடுப்பிலிருந்த சூரிக்கத்தியால் மெதுவாக அறுத்தெடுத்தார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினோம். மறுநாள் மத்தியானம் மோத்தி போய்விட்டது.

நீ அதைச் சாக்கில் சுற்றி உப்பங்கழிப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தாய். வந்து கை கால் கழுவினாய். ஷாப்புக்குப் போய்விட்டாய்.

செவலையைக் கொண்டுபோனது வண்டி. மோத்தியைக் கொன்றது நீ, அண்ணே. இதைத்தான் இத்தனை காலமும் வாய்க்குள் வைத்திருந்தேன். உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொள்வதாக நினைத்தாய். அதை அனுபவித்தது அந்த வாயில்லா ஜீவன்.

அதன்பிறகு எனக்குக் கல்யாணமாகி தேவ்நாருக்குப் போய்விட்டேன். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் சந்து நாய்கள் உன் கைவாடைக்கு வாலாட்டிக்கொண்டு வரும். நீ கல்லெடுத்து எறிவாய். "நம்ம கையி அதுகளுக்கு ஆகாது" என்பாய். கடைசிவரை எறிந்துகொண்டுதான் இருந்தாய். உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றும் ஒரு நாய் கூடப் பின்னால் வரவில்லை.

நான் நாய் வளர்க்கவில்லை. ஆனால் தெருவில் பட்டை போட்ட எந்த நாயைக் கண்டாலும் நின்றுவிடுகிறேன். குனிந்து, பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன். கடிக்கும் என்று மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். நேற்றும் லிஃப்டுக்குப் பக்கத்தில் கீழ்வீட்டுப் பெண்ணின் நாயை நிறுத்தி அப்படிப் பார்த்தேன். "லூஸாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்று அவள் சிரித்தாள்.

"இருக்கட்டும்மா. மழைக்காலம். இன்னும் ஒரு ஓட்டை தள்ளிப் போடு" என்றேன்.