மாலதி சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

புதன்கிழமை, ஐப்பசி 12

மாலதி கல்லூரி வேலைக்கான இன்டர்வியூவைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். எரிச்சலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் அவள் அப்பா காலமானதும், கட்சிக்காரர்கள் ஸ்ரீரங்கம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். 'மகள் முனைவர் மாலதி' என்று இவள் பெயரையும் அதில் போட்டுவிட்டார்கள். இன்று பாடத்தில் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாளாம். கடைசியில் ஒருவர், "போஸ்டர் பார்த்தோம்மா. நீங்களும் அந்தக் கட்சிதானா?" என்று கேட்டிருக்கிறார்.

இவள் அந்தக் கட்சியே இல்லை. சாப்பாட்டில் கை வைத்தாலே அப்பாவோடு அரசியல் சண்டை. போன தேர்தலில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டாள். அவரிடம் சொல்லிவிட்டே போட்டாள்.

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானேடி?"

"எங்கப்பாவோட கட்சி, அவரை மதிக்கிறேன்னு சொன்னேம்மா. சரி, சொல்லி அனுப்புறோம்னு ஃபைலை மூடிட்டாங்க."

"உயிரோட இருந்தப்ப ஒருநாள் மதிச்சியா?"

"அப்பாவைத் திட்டணும்னா அப்பாகிட்டயே திட்டுவேன். அவங்ககிட்ட எதுக்கும்மா திட்டணும்?"

பாடம் நடத்தப் போகிறவளிடம் கட்சியை எதற்குக் கேட்கிறார்கள்? எல்லோரையும் ஒரே கட்சியாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் எதைத்தான் கற்றுக்கொள்ளும்? படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

அந்த மனுஷன் இருந்திருந்தால், கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தாயே என்று முதலில் அவர்தான் கத்தியிருப்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய், மகள் சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

நான் யாரிடம் போய்ச் சொல்வது?