ஒளித்து வைத்த ஃபோல்டர்

பெரியகல்லாறு,
14.06.2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி நிருஷா மெயிலில் எழுதுவது. கட்டார் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதைச் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரை வைரஸ் தின்றுவிட்டது. காத்தான்குடி ஹில்மி வந்து விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு போட்டுத் தந்தார். இதுக்கு வைரஸ் வராது தங்கச்சி என்றார். வரவில்லைதான், ஆனால் எனக்கு ஒரு கோதாரியும் பிடிபடவில்லை. கீழே இருந்த ஸ்டார்ட் மேலே போய்விட்டது. மை கம்ப்யூட்டர் இல்லை, கண்ட்ரோல் பேனல் இல்லை. டி டிரைவ் என்ற பேச்சே இல்லை. என்னிடம் மனு டைப் அடிக்க வந்து நிற்கிற சனத்துக்கு முன்னால் பிரிண்டரைத் தேடிப்பிடிக்கவே அரை நாள் போனது. வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கி வாவியில் போட்டிருப்பேன்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நல்லரத்தினம் மாமா வியாழக்கிழமை வவுனியாவுக்குப் போகிறார். நம் தம்பி ஜெயரூபனின் படம் இருந்தால், சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமின் கம்பிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கிற சனத்திடம் காட்டிக் கேட்கலாம் என்கிறார். வீட்டு ஆல்பம் சுனாமியோடு போய்விட்டது. பிறகு சித்தி வீட்டில் இருந்து நீங்கள் ஸ்கேன் பண்ணி ஏற்றிய இரண்டு படங்கள்தான் மிச்சம். சித்தியும் பயத்தில் தன்னிடம் இருந்ததை எரித்துவிட்டா.

தம்பியை இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிறகு, ஆமி வீடு வீடாகச் சோதித்த நாட்களில், அந்தப் படங்கள் இருந்த ஃபோல்டரை நான்தான் மறைத்து வைத்தேன். நீங்கள் காட்டித் தந்த முறைதான், ரைட் கிளிக் பண்ணி ஹிடன் என்று சரி போடுவது. யார் திறந்தாலும் தெரியாது. உபுண்டுவில் மறைத்ததைக் காட்டும் வழி எது என்று மூன்று நாள் தேடினேன். கண்ட்ரோலோடு எச் எழுத்தை அமத்த வேண்டுமாம். அமத்தினேன். அதனுடைய சொந்தச் சாமான்கள்தான் வந்தன, நம்முடையது இல்லை.

ஹில்மியிடம் ஓடினேன். கண்ணுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சீடியில எடுத்துத்தான் மறுகா டிஸ்க்க அழிச்சன் என்றார். அழிந்ததை மீட்க ஏதோ போட்டுத் தேடியும் பார்த்தார், கிடைக்கவில்லை. அவர் மேல் பிழை இல்லை. ஆமிக்கு ஒளித்தேன், அவருக்கும் ஒளித்துவிட்டேன். நான் பாவி, அண்ணா.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. படம் உள்ளே இருக்கிறது, எனக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறா. பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, அண்ணனிட்டக் கேளு மகள், அவனுக்குத் தெரியும் என்கிறா.

உங்கள் பழைய மெயிலில், பெட்டியில், பர்ஸில் தம்பியின் படம் ஒன்றாவது இருக்குமா? அரை முகம் தெரிந்தாலும் போதும், புதனுக்குள் அனுப்புங்கள். மாமாங்கப் பிள்ளையார் உங்களுக்குத் துணை நிற்கட்டும்.

இல்லாவிட்டால், அம்மாவோடு போனில் பேசும்போது எதை அமத்தினால் படம் வரும் என்று ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும், நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
நிருஷா