கதவில் ஒட்டிய உத்தரவு

காலையிலிருந்து மைதா பசை வாசனை. ஆபீசின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கழிவறைக்கும் நடுவில், மாரிமுத்து அண்ணன் கரண்ட் அடுப்பை வைத்துக் கிண்டிக்கொண்டிருக்கிறார். கடையில் கோந்து பாட்டில் விற்கிறது, செல்லோடேப் விற்கிறது. இவருக்கு மட்டும் மைதாவைக் கரைத்துக் காய்ச்சினால்தான் பசை. ரிட்டையர் ஆகிறவரைக்கும் மாற மாட்டார்.

இந்த வாசனை வந்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கதவில் உத்தரவு ஒட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். உனக்குத் தெரியாததா? இன்றைக்கு அந்தக் கதவு என்னுடையது.

"உனக்குத்தாம்மா. நீ லீவு போட்டுட்டுப் போயிடுவேன்னு உள்ள பேசிக்கினாங்க. அதான் இப்பவே காய்ச்சி வெச்சுடலாம்னு," என்று அவரே சொல்லிவிட்டார். சங்கடத்தோடுதான் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவாராம். அதுவரை ரெக்கார்டு ரூமில் உன் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றாமல் இல்லை. ஆனால் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான் இருந்தாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். நான் தியாகதுருகத்திலிருந்து, நீ கல்வராயன் மலையிலிருந்து. எனக்குக் கணக்குப் பிரிவில் சீட் கிடைத்தது. உன்னை, "தற்காலிகமா ரெக்கார்டு ரூம்ல இரும்மா, பார்க்கலாம்," என்றார் கண்காணிப்பாளர். அந்தத் தற்காலிகத்தில் உன் தலையில் பாதி நரைத்துப்போனது. உனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்குப் பிரிவுக்கு வந்து, உட்கார்ந்து, பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார்கள். நீ தூசியைத் தட்டிக்கொண்டு இங்கேயே இருந்தாய்.

டீ வரும்போது எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ். உனக்கு மட்டும் பேப்பர் கப். ஒருநாள் ஏன் என்று கேட்டாய். "சுத்தம்மா, உன் நல்லதுக்குத்தான்," என்றார்கள். "அப்ப உங்க நல்லதுக்கு நீங்களும் அதுலயே குடிங்க சார்," என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ அப்படித்தான், குத்த வேண்டியதைச் சிரித்துக்கொண்டே குத்துவாய்.

பேப்பர் கப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டவள், அந்தப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோதுதான் பொறுக்கவில்லை. உன் பெயரை விட்டுவிட்டு, 'கணக்குப் பிரிவில் அனுபவம் இல்லை' என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்தப் பிரிவின் வாசலைத் தாண்ட விடாதவர்களே எழுதிய காரணம். அன்று ராத்திரிச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து புகார் எழுதினாய். மலைச் சாதிக்காரி என்பதால் என்னை ஒதுக்கினார்கள் என்று சுற்றிவளைக்காமல் முதல் வரியிலேயே எழுதியிருந்தாய்.

விசாரணை வந்தது. பார்த்ததை நான் சொன்னேன். அடுத்த வாரமே என் சீட்டும் ரெக்கார்டு ரூமுக்கு மாறியது. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை ஞாபகமிருக்கிறதா? "வாடி, இனிமே உனக்கும் பேப்பர் கப்புதான்."

புகார் தள்ளுபடி ஆகப்போகிறது என்ற செய்தி, உத்தரவு டைப் ஆவதற்கு முன்பே நமக்கு வந்துவிட்டது. டைப்பிஸ்ட் சேகர் அண்ணன்தான் ஓடி வந்து சொன்னார். நல்ல மனுசர். ஆனால் அவர் சொன்ன யோசனைதான் உன்னைச் சாய்த்தது. "ஆர்டர கையில வாங்காத. வாங்குன நாள்ல இருந்துதான் அப்பீலுக்கு ரெண்டு மாசக் கெடு ஓடும். வாங்கலன்னா நாளே ஆரம்பிக்காது. மெடிக்கல் லீவு போட்டுட்டுப் போயிடு. பொறுமையா வக்கீல பாத்துக்கலாம்."

இதை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் ஆபீசில் காலம் காலமாக நடப்பதுதான். கெட்ட உத்தரவு வருகிறது என்றால் எல்லோருக்கும் முதுகுவலி வரும், டாக்டர் சர்ட்டிபிகேட் வரும், போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகும். எத்தனை பேர் அப்படித் தப்பித்திருக்கிறார்கள் என்று நீயும் நானும் எண்ணிச் சிரித்திருக்கிறோம். அவர்களுக்கெல்லாம் உள்ளே ஆள் இருந்தது, அவர்கள் திரும்பி வரும்வரை உத்தரவு மேஜையிலேயே தூங்கியது. உனக்காக அது தூங்காது என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நீ லீவு போட்டுவிட்டு ரிஷிவந்தியத்தில் தங்கச்சி வீட்டில் போய் இருந்தாய். ஆபீசில் உன் முகவரி என்று இருந்தது மலை வீடுதான். உன் அம்மா அப்போது கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள். பூட்டிய வீடு. மாரிமுத்து அண்ணனும் தலையாரியும் ஜீப்பில் போய், பசை தடவி, கதவில் உத்தரவை ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நமக்கு யாரும் மூச்சு விடவில்லை.

உன் அம்மா திரும்பி வந்த பிறகுதான் நீ மலைக்குப் போனாய். அங்கிருந்து போன் பண்ணினாய். நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"ஏய், எம்புகார ஆடு தின்னுட்டுதுடி."

"இன்னாடி உளர்ற?"

"கதவுல ஏதோ காயிதம் ஒட்டிக்கினு போட்டோ புடிச்சாங்களாம். ரேஷன் சமாச்சாரம்னு பக்கத்து வூட்டுல நெனச்சாங்களாம். பசைக்கு ஆசப்பட்டு வெள்ளாடு வந்து நக்கி நக்கி மொத்தமும் தின்னுட்டுது. மாசம் மூணு ஆவுதாம்."

அப்புறம் உன் சிரிப்பு நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுப் பக்கத்தில் இருக்கிற வக்கீலம்மாவிடம் போனோம். "கதவுல ஒட்டினா உங்க கையில குடுத்த மாதிரிதாம்மா. ஒட்டின அன்னைக்கே நாள் ஓட ஆரம்பிச்சுடுச்சு. கெடு முடிஞ்சு போச்சு," என்றார். தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்றுக்கொள்ளும்படி தனியாக ஒரு மனு போட வேண்டுமாம்.

நீ எழுந்து நின்றுவிட்டாய். "என்னைப் பேப்பர் கப்புல குடிக்க வெச்சது அவங்க. மன்னிப்பு நான் கேக்கணுமா?"

"அவங்ககிட்ட இல்லம்மா. மேல இருக்கிறவங்ககிட்ட."

"மேல இருக்கிறவங்க இன்னா வேற ஊரு ஆளுங்களா?"

பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டோம். டீ வாங்கித் தந்தேன். கண்ணாடி கிளாசில். அதைக் குடித்து முடித்தாய். பிறகு, "வா, போடலாம். இத்தோட வுட்டா அவங்களுக்கு அந்த ஆடு செஞ்ச உதவி ஜாஸ்தியாப் பூடும்," என்று திரும்பி நடந்தாய். மனுவில் வக்கீலம்மா 'எதிர்பாராத காரணங்களால்' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னாய். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய். ஆடு தின்ற கதை அரசாங்கத்துக்குப் போட்ட மனுவில் முழுசாக இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் நான் கிழவியானேன் என்று நினைக்கிறேன். தினம் தபால் வரும் நேரத்தில் நீ தலையைத் தூக்குவாய், நான் உதட்டைப் பிதுக்குவேன், நீ மறுபடி தூசி தட்டப் போவாய். மழைக்காலத்தில் ஊருக்குப் போனவளுக்குக் காய்ச்சல். மஞ்சள்காமாலை முற்றிய பிறகுதான் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் உன் கண்கள் மஞ்சளாகக் கிடந்தன. என்னைப் பார்த்ததும், "தபால் வந்துச்சாடி?" என்றாய். நான் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கவரைக் காட்டு என்று கேட்டிருப்பாய்.

நீ போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது அந்தத் தபால். தாமதம் மன்னிக்கப்பட்டது, மேல்முறையீடு ஏற்கப்பட்டது, விசாரணைக்கு ஆஜராகவும். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "பாவம், இனிமே இதுல இன்னா இருக்குது? ஆள் இல்லன்னு எழுதி ஃபைல மூடிடுங்க," என்று என்னிடமே கொடுத்தார். இந்த அறையில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. மூடவில்லை. அப்படியே வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

"பதவி உயர்வு பழைய தேதியில கெடச்சா, வர்ற பாக்கிச் சம்பளத்துல அவங்க அம்மாவுக்கு உரிமை வருது. அதனால வாரிசா அவங்களே கேஸ நடத்தறோம்னு கேட்டு மனு போடலாம்," என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா அதுக்கும் ஒரு கெடு இருக்குது," என்றார். அது மறுநாளோடு முடிகிறதாம். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் வேலை நாள். லீவு கேட்டால் தர மாட்டார்கள். விடியற்காலையில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், இந்த வயதில் எனக்கு மலை ஆகாது. உன் வீட்டுக் கதவில் பசை இருந்த இடம் சதுரமாக வெளுத்து இன்னும் தெரிகிறது. அந்த வெள்ளாடு கொழுகொழுவென்று வாசலிலேயே படுத்திருந்தது.

உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்தவளுக்கு இனிமே எந்த நாற்காலிய குடுக்கப் போறாங்க?" என்றாள்.

நான் பையிலிருந்து மனுவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அதைத் தடவிப் பார்த்தபடி கேட்டாள். "எம்பொண்ணுக்கு வேற ஏனத்துல குடுத்தது தப்புன்னு அவங்க வாயால சொல்லுவாங்களா?"

"சொல்ல வெக்கலாம்னுதான் பாக்கறேம்மா."

கட்டை விரலை நீட்டினாள். நானே மை தடவினேன். சாயங்காலம் மேல்முறையீட்டு ஆபீஸ் மூடுவதற்குள் மனு சேர்ந்துவிட்டது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை, உன் அம்மாவும் வருகிறாள்.

அன்றைய தினம் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போனேன் என்று எனக்கு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதினேன். ஏற்கவில்லை. இந்த வருசத்து ஊதிய உயர்வை நிறுத்தி உத்தரவு. அதற்குத்தான் இந்தப் பசை. சேகர் அண்ணன் காலையிலேயே வந்து, "லீவு போட்டுட்டுப் போயிடும்மா, கையில வாங்காத," என்றார். உன் கதையெல்லாம் நடந்த பிறகும் அதே வார்த்தை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு சோர்வு.

இதுவரை எழுதியிருந்தபோது கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து மீதியை இப்போது எழுதுகிறேன்.

நானாகவே நேரே போய் நின்றதும் கண்காணிப்பாளர் கொஞ்சம் தடுமாறினார். "உடம்பு சரியில்லன்னாங்களே?"

"நல்லாத்தான் கீறேன் சார். குடுங்க."

'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியும் போட்டு, கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு நகலும் கேட்டு வாங்கினேன். வெளியே மாரிமுத்து அண்ணன் பசைச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இத்த இன்னாம்மா பண்றது?"

"வெள்ளிமலை பஸ்ல ஏத்தி வுடுங்கண்ணே. அங்க ஒரு ஆடு காத்துக்கினு கீது."

சிரித்தார். உன் கதவில் ஒட்டிய கை அவருடையதுதானே. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் இரண்டு மாதம் இன்றைக்கு ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வக்கீலம்மாவிடம் போகிறேன். உன் ஃபைல் கட்டையும் என் உத்தரவையும் ஒரே பையில் வைத்தாயிற்று. கனமாகத்தான் இருக்கிறது. தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டு நடந்துவிடுவேன்.