நேராக இறக்கினால் ஏன் விழுகிறது

ஜூலை 22, செவ்வாய்

புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. நேற்று பயிருக்கு மருந்தடிக்கும் டிரோன் விழுந்துவிட்டது.

விழுந்தது ரஹ்மத் அக்காவுக்குப் பக்கத்திலேயே. மருந்து கலந்து ஊற்றுவது அவர், ஓட்டுவது நான். பெரியபாளையம் தாண்டி ஒரு கரும்புக் கொல்லை. எப்போதும்போல நேராக, வேகமாகத்தான் இறக்கினேன். பாதி உயரத்தில் குலுங்கியது, பிறகு கல் மாதிரி வந்தது. பயந்துபோய் விசையைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட இன்னும் வேகமாக விழுந்தது. அதுதான் மண்டையைக் குடைகிறது.

காக்களூர் ஆபீசில் சேகர் சார், "பேட்டரிதாம்மா. மாத்தியாச்சு, பேஜார் பண்ணாத" என்றார். பேட்டரி நிறைய இருந்தது. நான் பார்த்தேனே. பயிற்சியில் எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது எப்படிப் பறக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கள்கிழமை மறுபடி அதே கொல்லை.

ஜூலை 23, புதன்

திருவள்ளூர் நூலகம். அரை நாள் லீவு.

"ஏரோடைனமிக்ஸ் புக்கு இருக்குதா சார்?"

"யாருக்கும்மா, பையனுக்கா?"

"எனக்குத்தான்."

மேலும் கீழும் பார்த்தார். தலையணை கனத்தில் ஒன்றைக் கொடுத்தார். இங்கிலீஷ். முதல் பக்கத்திலிருந்தே கணக்கு. பிளஸ் டூ கணக்கில் நான் தேறியதே பெரிய சங்கதி. மரியாதையாகத் திருப்பி வைத்தேன். தமிழில் கேட்டால் விமானம் கண்டுபிடித்தவர்களின் வாழ்க்கை வரலாறு. யார் முதலில் பறந்தால் எனக்கென்ன? என்னுடையது ஏன் விழுந்தது?

தேர்வாய் கண்டிகை பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சிரிக்கிறார். "கார் ஓட்றவன்லாம் இஞ்சினியரிங் படிச்சிக்கினா ஓட்றான்? இன்னாத்துக்குடி உனக்குப் புக்கு?" கார் மேலேயிருந்து விழாது என்றேன். சிரிப்பு நின்றது.

துவைக்கவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

ரஹ்மத் அக்கா பழவேற்காட்டிலிருந்து போன். அவருடைய தங்கை மகள் பொன்னேரியில் பாலிடெக்னிக். அவளிடம் போனைக் கொடுத்தார்.

"அந்தக் குண்டு புக்கெல்லாம் வாணாம் ஆன்ட்டி. பொம்மை ஏரோபிளேன் செய்றவங்க படிக்கிறது ஒண்ணு கீது, அத்த மொதல்ல படிங்க. அப்பால ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கறவங்க புக்கு. ரெண்டும் அனுப்பறேன்."

போனிலேயே அனுப்பிவிட்டாள். நல்ல பெண். இங்கிலீஷுக்கு அகராதி என் மகள் பாப்பாவுடையது, அட்டை கிழிந்தது.

ஜூலை 26, சனி

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது.

பொம்மை விமானப் புத்தகம் படிக்க முடிகிறது! படம் நிறைய, வாக்கியம் சின்னச் சின்னதாக. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் மேலே நிற்கிறது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஹெலிகாப்டர் புத்தகத்தில் அகப்பட்டது. நேராக, வேகமாக இறக்கினால் தான் தள்ளிவிட்ட காற்றுக்குள்ளேயே அது இறங்குகிறது. பிடிமானம் போய்விடும். விசையைக் கூட்டினால் அந்தக் காற்றையே இன்னும் கலக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் தள்ளி வெளியே வர வேண்டும். திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் வரவில்லை. காரணம் பேட்டரி இல்லையென்றால் மறுபடியும் விழும்.

சேகர் சாருக்குப் போன். சாய்வாக இறக்க வேண்டும் என்றேன். "கோயில் கீதேம்மா. கொல்லைக்காரர் உடமாட்டார்."

கரும்புக்கும் நாங்கள் இறக்கும் இடத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு அம்மன் கோயில். அம்மன் தலைக்கு மேலே எதுவும் போகக்கூடாது. அதனால்தான் உயரத் தூக்கி, சுற்றிக் கொண்டுவந்து, நேராக இறக்குகிறோம். எனக்கும் அது சரி என்றே பட்டது, இன்று வரை.

ஜூலை 28, திங்கள்

நல்ல வெயில்.

ரஹ்மத் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். "மருந்து யாரு ஊத்துவா, உங்க மாமியாரா?" என்று நகராமல் நின்றார். முதல் இரண்டு முறை மெதுவாக இறக்கினேன். மூன்றாவது முறை பேட்டரி தீரப்போகிறது என்று கூவத் தொடங்கியது. கூட வந்திருந்த சேகர் சார், "எறக்கு, எறக்கு!" அவசரத்தில் வேகமாக இறக்கிவிட்டேன். குலுங்கியது.

ஒரு பக்கம் மின்கம்பி. ஒரு பக்கம் ரஹ்மத் அக்கா. ஒரு பக்கம் நான். மிச்சம் இருந்தது அம்மன். பக்கவாட்டில் தள்ளு என்றுதான் புத்தகம் சொன்னது.

தள்ளினேன். கோயில் கலசத்தை உரசுகிற மாதிரி தலைக்கு மேலேயே போனது, மாலையெல்லாம் படபடத்தது. அங்கே நல்ல காற்றைப் பிடித்துக்கொண்டது. கரும்பு மேல் சுற்றி வந்து சாய்வாக இறங்கியது. ரஹ்மத் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "நான் உசுரோட கீறேன் தாயி, உசுரோட கீறேன்."

கொல்லைக்காரர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து கேட்டார்: "ஆடி மாசத்துல ஆத்தா தலமேல உட்டுட்டியேம்மா. உன் ஊட்ல கொயந்த கீதா?"

ஆமாம் என்றேன். கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

வரும் ஞாயிறு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய், வேப்பிலையை உடம்பில் சுற்றி வேப்பஞ்சேலை கட்டிக்கொள்ள வேண்டும். தப்பு செய்யவில்லை. இருந்தாலும் போக வேண்டும்.

மாலை. பாப்பா சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். நெற்றி சுடுகிறது. பள்ளிக்கூடத்தில் வெயிலில் ஆட்டம், அதுதான். வேறொன்றும் இல்லை. அம்மை முத்து போட்டிருக்கிறதா என்று சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.