முழு ஆல்பம்

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள துணைவிக்கு,

பிப்ரவரி 23ஆம் தேதி, மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "ரோஜாவுல பூச்சி விழுந்தாக்கூட பத்து போட்டோ! என்னை ஒண்ணாவது எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாய்.

நேற்று, ரோஜா வளர்ப்போர் இணையக் குழுவில் நம் மஞ்சள் ரோஜாவைக் காட்ட விரும்பினேன். அங்கே படத்தை நேரடியாக ஏற்ற இயலாது; வேறொரு தளத்தில் சேமித்து, அதன் இணைப்பைத்தான் ஒட்ட வேண்டும். அந்த ஒரு படத்தின் இணைப்புக்குப் பதிலாக, முழு ஆல்பத்தின் இணைப்பை ஒட்டிவிட்டேன்.

இன்று காலை குழுவே அமளிதுமளி. "ஐயா, பூ கெடக்கட்டும். தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்களே, அந்தம்மா யாரு?" என்கிறார் ஒரு பல் மருத்துவர். "ரோஜாவைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. எல்லாப் படத்துலயும் அவங்கதான்!" என்கிறார் இன்னொருவர்.

"என் மனைவி" என்று பதில் எழுதினேன். ஆல்பத்தை நீக்கவில்லை.

மகளின் போனுக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறேன், நிதானமாகப் பார். கோபம் தணிந்தால், மார்ச் 15, சனிக்கிழமை காலை ரயிலில் வா. நிலையத்தில் கேமராவுடன் நிற்பேன். இம்முறை ஒளிந்து நின்று எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்