வந்த பிறகு

கண்ணு,

கையெழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறேன். நீ விட்டுப் போன நாய்க்குட்டி கடித்துவிட்டது.

அதன் மேல் தப்பில்லை. கூப்பிட்டால் வரப் பழக்க ஒரு மாதமாகப் பாடுபட்டேன். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஓடிவிடும், அப்படியே உன் பிடிவாதம். செவ்வாய்க்கிழமை தெருவுக்கு ஓடி, வண்டிகளுக்கு நடுவே நின்றது. தொண்டை கிழியக் கத்தினேன். வெகுநேரம் கழித்து, வாலை இடுக்கிக்கொண்டு தானாக வந்து என் காலடியில் படுத்தது. தையல் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அதன் வாயில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அது என் கட்டைவிரலை எலும்பு வரை கடித்த பிறகுதான் ஸ்கேல் கீழே விழுந்தது.

விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு, குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

"ஓடும்போது அடிச்சீங்களா, வந்த பிறகா?" என்று கேட்டார்.

"வந்த பிறகு."

"அப்போ கூப்பிட்டா வரக்கூடாதுன்னு நீங்களேதானம்மா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

நீ வீட்டை விட்டுப் போன அன்று, நீயும் நான் கூப்பிட்டதால்தான் மாடியிலிருந்து இறங்கி வந்தாய். அன்றும் இதே ஸ்கேல்தான். காதுக்குப் பின்னால் போட்ட தையலை இதற்குள் பிரித்திருப்பார்கள்.

குட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நான் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு எட்டிப் போய்விடுகிறேன்.

வீட்டுக்கு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. உன் சித்தி வீட்டுக்கு நான் வந்தால் கதவைத் திறப்பாயா? மாட்டேன் என்றாலும், அதையாவது உன் கையால் எழுதிப் போடு.

உன்னைப் பெற்றவள்