கடை டிவி அத்தனையிலும் நீ

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. உன் சுகத்தைப் பற்றி நீ எழுதாவிட்டாலும் போன சனிக்கிழமை கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கடவுள் உண்டா இல்லையா என்கிற உன் விவாதத்தை நேரலையில் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் கடைச் சுவரில் மாட்டியிருக்கிற டிவி அத்தனையிலும் உன்னையே போடச் சொல்லிவிட்டேன். மிக்ஸி வாங்க வந்த ஒருத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த டிவியைப் பார்த்தாலும் இந்தப் பொண்ணே வருதே, மந்திரியா என்றார். மந்திரி இல்லை, என் மகள், மிக்ஸிக்கு இரண்டு வருஷம் வாரண்டி என்றேன். நம் மெக்கானிக், சாமியே கிடையாது என்கிற ஆள் என்பது உனக்குத் தெரியும், ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டபடியே, அக்கா, இன்னைக்கு உங்க பொண்ணு நல்லா மாட்டிக்கிட்டா, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பெரிய பேராசிரியராக்கும் என்று சிரித்துக்கொண்டிருந்தான். நிரூபிக்காத எதையும் நான் நம்புவதில்லை என்று அந்தப் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொன்னார் பார், நீ பதறாமல், அந்த விதியை எப்படி நிரூபித்தீர்கள் ஐயா, உங்கள் புத்தி சரியாக வேலை செய்கிறது என்பதையும் அதே புத்தியை வைத்துத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டாய். மனுஷன் தண்ணீர் குடித்தார். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். நான் கடை என்றும் பார்க்காமல் கைதட்டிவிட்டேன்.

ஆனால் நான் வியாபாரி, உள்ளதைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பயமும் வந்தது. பதில் சொல்ல முடியாமல் வாய் மூடிய வாடிக்கையாளர் வாங்கமாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். அண்ணனிடம் அதைத்தானே பார்த்தோம். போன தடவை நீ வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, எனக்கு இனி ஆண்டவர்மேல் நம்பிக்கை இல்லை என்று அவன் சொன்னதற்கு, அவன் மாமனார் எதிரிலேயே, அது உனக்கு எப்படித் தெரியும், சரி அது எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு மடக்கினாய். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் அதற்கப்புறம் உன்னோடு பேசவே இல்லை, கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. சனிக்கிழமையும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பில் போட்டுக்கொண்டுதான் இருந்தான், பேராசிரியர் திணறினபோது பில் மெஷினைக் குத்தின குத்தில் அது உடையாமல் இருந்ததே பெரிசு.

அப்போது அரங்கில் கைதட்டினவர்களைப் பார்த்து நீ கையை உயர்த்தி, யாரும் தட்டாதீங்க என்றாய். இதனால் கடவுள் இருக்கிறார் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை, அவரும் நானும் எதையோ நம்பித்தான் முதல் அடி எடுத்து வைக்கிறோம் என்பது மட்டும்தான் தெரிந்தது, நான் ஏன் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று இனிமேல்தான் சொல்லவேண்டும், கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றாய். கடவுள் ஏன் இப்படி மறைந்திருக்கிறார் என்று அவர் கேட்டதற்கு, முழுப் பதில் என்னிடம் இல்லை என்றும் சொன்னாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது கண்ணு. கடையில் ஃபேனை இரண்டு நிமிஷம் ஓடவிட்டுக் காட்டுகிறோம், அது நிரூபணம். பத்து வருஷம் ஓடும் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அது செய்தவன்மேல் வைக்கிற நம்பிக்கை. ஓட்டிக் காட்டாமலே தலையில் கட்டுகிறவளும் இருக்கிறாள், ஓட்டிக் காட்டினதே பத்து வருஷத்துக்குச் சாட்சி என்று அளக்கிறவளும் இருக்கிறாள். நீ இரண்டும் செய்யவில்லை. இத்தனை படித்த பிறகும் தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்ல உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், நான் நிச்சயமாக இல்லை.

நீ அதைச் சொன்னபோது அண்ணன் திரும்பினான். விற்பனைப் பெண் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினான், முடிகிற வரைக்கும் நின்றே பார்த்தான். ஷட்டரை இறக்கும்போது, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சாப்பிட்டு முடிச்சிருப்பேன்மா என்றான். கொஞ்ச நேரம் கழித்து, சரி, அவ ஏன் கிறிஸ்துவைத்தான் நம்புறா என்று கேட்டான். நான் வாயைத் திறக்கப் பார்த்து அடக்கிக்கொண்டேன், அந்தச் சரக்கு என்னிடம் இல்லைப்பா, அவளையே கேளு என்றேன். அவன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்றான்.

நேரத்துக்குச் சாப்பிடு, விவாதத்துக்குப் போகும்போது அந்தச் சாம்பல் நிறச் சட்டை வேண்டாம், டிவியில் எடுப்பாக இல்லை. கர்த்தர் உன் நாவையும் உன் உறக்கத்தையும் காப்பாராக, அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார். மறக்காமல் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அண்ணன் கூப்பிட்டால் முதலில் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேள், அப்புறம் அவன் கேட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே.

கைதட்டின கை இன்னும் வலிக்கிற,
உன் அம்மா